ஏர்பேக் லைட்டை அணைப்பது வேறு, பழுதைக் கண்டுபிடிப்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நமது நாளிதழின் வாகனப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு வாசகர், "காரில் ஏர்பேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் டிரைவர் ஏர்பேக் சர்க்யூட், ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்று வருகிறது. என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில் மொத்தமே இரண்டு வரி. பழுதைப் படிக்கும் கருவியான ஸ்கேனர் காட்டும் கோடை (பழுதுக் குறியீட்டை) அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், திரும்ப வந்தால் ஸ்டியரிங்கில் இருக்கும் ஏர்பேக்கை மாற்றிவிடுங்கள். கார் எலெக்ட்ரிக்கல் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். அந்தப் பதிலைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைக்க மனம் வரவில்லை.

கேட்டவர் விவரமாகத்தான் கேட்டிருக்கிறார். ஸ்கேனரில் வந்ததை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறார். பதில் சொன்னவர்தான் அதைச் சரியாக வாசிக்கவில்லை. அந்தக் கோடு ஏர்பேக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லவே இல்லை. ஏர்பேக்குகளை இயக்கும் கணினிப் பெட்டியான கன்ட்ரோல் யூனிட்டில் புறப்பட்டு ஏர்பேக் வரை போய்த் திரும்பி வரும் பாதையில் எங்கோ ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, ஏறியிருக்கிறது என்றுதான் சொல்கிறது. ஸ்கேனர் தெருவைத்தான் காட்டும், எந்த வீடு என்று காட்டாது. வீட்டை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

அந்தத் தெருவில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். கன்ட்ரோல் யூனிட் பெரும்பாலான கார்களில் முன்சீட்டுகளுக்கு நடுவே, கியர் லிவரை ஒட்டி, தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் ஓடி ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு கனெக்டரில் வந்து சேரும். அதை அடுத்து கிளாக் ஸ்பிரிங், சுற்றும் ஸ்டியரிங்குக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் சுருள் நாடா. அதிலிருந்து ஏர்பேக்கின் முதுகில் செருகும் மஞ்சள் கனெக்டர். இவ்வளவையும் தாண்டித்தான் ஏர்பேக்கைப் பற்றவைக்கும் ஸ்குவிப் இருக்கிறது. இந்த வரிசையில் ஆடாமல் அசையாமல் மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது ஸ்குவிப்தான். கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவானதும் அதுதான். விலை அதிகமானதும் அதுதான். அதைத்தான் முதலில் மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் மீட்டர் போர்டில் ஏர்பேக் லைட் சில வினாடி எரிந்து தானாக அணைய வேண்டும். பல கார்களில் இது சுமார் 6 வினாடி. அந்த நேரத்தில் கன்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு ஏர்பேக் சுற்றுக்கும், சீட் பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பிடிக்கும் பிரிடென்ஷனருக்கும் மிகச் சிறிய கரன்ட்டை அனுப்பி மின்தடையை அளந்து பார்க்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் இந்தச் சோதனை நிற்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஸ்குவிப்பின் மின்தடை கிட்டத்தட்ட 2 ஓம். அளந்த எண் எல்லைக்கு மேலே போனால் ரெசிஸ்டன்ஸ் அதிகம் அல்லது ஓப்பன், அதாவது பாதை அறுந்தது. கீழே போனால் ஷார்ட், அதாவது இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டியது. இது தவிர வயர் காரின் இரும்பு பாடியில் உரசி எர்த் ஆவது ஒரு வகை, பேட்டரி வயரோடு ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை. ஸ்கேனரில் வரும் ஏர்பேக் சுற்றுக் கோடுகள் எந்தக் கம்பெனிக் கார் என்றாலும் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில் அடங்கிவிடும்.

2 ஓம் என்பது எவ்வளவு சிறிய எண் என்பதை வாசகர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கனெக்டரின் பின் ஒன்றில் லேசாகப் பச்சை பூத்திருந்தாலும், பிடிப்புத் தளர்ந்திருந்தாலும் கூடுதலாக ஓரிரு ஓம் வந்துவிடும். எஞ்சினில் உள்ள ஒரு வெப்பநிலை சென்சாரின் வயரில் இந்த ஓரிரு ஓம் ஒரு பொருட்டே இல்லை. வண்டி பாட்டுக்கு ஓடும். ஏர்பேக் சுற்றில் அது இருமடங்கு வித்தியாசம். உடனே லைட். அதனால்தான் ஏர்பேக் கோளாறுகளில் பெரும்பங்கு கனெக்டர் கோளாறாகவே முடிகிறது என்று என் அனுபவத்தில் அடித்துச் சொல்வேன்.

ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்று டிரைவர் பக்கத்துக் கோடோடு யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஹாரன் அடிக்கிறதா?" என்பதுதான். ஏர்பேக்கைப் பற்றிக் கேட்டால் இவர் ஹாரனைப் பற்றிக் கேட்கிறாரே என்று பலர் விழிப்பார்கள். காரணம் இருக்கிறது. ஸ்டியரிங் சுற்றும், தண்டைச் சுற்றியிருக்கும் உறை சுற்றாது. சுற்றும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோக, நாடா போலத் தட்டையான ஒரு கேபிளைச் சுருட்டி வட்டப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். அதுதான் கிளாக் ஸ்பிரிங். ஏர்பேக்கின் வயர் மட்டுமல்ல, ஹாரன், ஸ்டியரிங்கில் உள்ள ஆடியோ பட்டன்கள், க்ரூஸ் கன்ட்ரோல் எல்லாமே அந்த ஒரே நாடா வழியாகத்தான் போகின்றன. ஏர்பேக் லைட்டும் வந்து ஹாரனும் செத்து, ஆடியோ பட்டனும் கேட்கவில்லை என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். நேராகக் கிளாக் ஸ்பிரிங்குக்குப் போகலாம்.

ஹாரன் நன்றாக அடிக்கிறது என்பதால் கிளாக் ஸ்பிரிங்கை விட்டுவிடவும் கூடாது. நாடாவில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தடம். ஏர்பேக்கின் தடம் மட்டும் விரிசல் விட்டிருக்கலாம். இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. தரமான ஸ்கேனர்கள், கார் அனுமதித்தால், ஒவ்வொரு சுற்றின் மின்தடையையும் அந்தந்த நொடியில் திரையில் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். நல்ல கிளாக் ஸ்பிரிங் என்றால் எண் அசையாது. விரிசல் விட்டதென்றால் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் எண் துள்ளும், தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒரு பாகத்தையும் கழற்றாமல் குற்றவாளி கையில் சிக்குவது இங்கேதான். இதற்கு அவசரம் ஆகாது. வேகமாகத் திருப்பினால் திரையில் எண் மாறுவதற்குள் அந்தக் கோணம் கடந்துபோய்விடும்.

சமீபத்தில் ஸ்டியரிங்கை யாராவது கழற்றினார்களா என்பது அடுத்த கேள்வி. சஸ்பென்ஷன் வேலைக்கோ, முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கை மாற்றவோ போன வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. கிளாக் ஸ்பிரிங்கை நடு நிலையில் வைத்து, முன்சக்கரங்களும் நேராக இருக்கும்போதுதான் ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்ட வேண்டும். சக்கரத்தை நேராக வைத்துவிட்டு, கையில் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கை இஷ்டத்துக்குச் சுற்றிவிட்டு மாட்டிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. லைட் அணைந்துதான் இருக்கும். பிறகு ஒருநாள் யூ டர்ன் எடுக்கையில் ஒரு பக்கம் நாடாவின் நீளம் போதாமல் இழுபட்டு அறுந்துபோகும். வண்டிக்காரர் புதுப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு வருவார். இதே காரணத்தால், ராக்கைக் கழற்றி வேலை செய்யும்போது ஸ்டியரிங் தன்னிச்சையாகச் சுழலாதபடி கட்டி வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் பலர் செய்வதில்லை.

ஸ்டியரிங்குக்கு அடுத்தபடியாகத் தொல்லை தரும் இடம் சீட்டுக்கு அடிப்பகுதி. சைடு ஏர்பேக் சீட்டின் முதுகிலேயே பொதிந்திருக்கும். அதன் வயர், சில கார்களில் பிரிடென்ஷனர் வயர், பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சின் வயர், பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று அறியும் சென்சாரின் வயர் எல்லாம் சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர்களில் கூடுகின்றன. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போதெல்லாம் அவையும் நகரும். அங்கேதான் நாம் குடை, தண்ணீர் பாட்டில், செருப்பு என்று கையில் கிடைத்ததைத் தள்ளிவிடுகிறோம். ஒருவர் வந்து, "நான் ஓட்டினால் லைட் வருவதில்லை, என் மனைவி ஓட்டினால் மட்டும் வருகிறது" என்று கேலியாகச் சொன்னார். அந்த அம்மாவும் கூடவே நின்று முறைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கால் எட்டாது என்பதால் சீட்டை நன்றாக முன்னே இழுத்துப் போட்டு ஓட்டுவார். அப்படி இழுக்கும்போது சீட்டுக்கு அடியில் வயர்க் கட்டு விறைத்து கனெக்டரைப் பாதி வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. வயரைப் பிடித்து வைக்கும் கிளிப் எப்போதோ உடைந்து போயிருந்தது. கிளிப்பை மாற்றி, கனெக்டரைக் கிளிக் என்று சத்தம் கேட்கும் வரை செருகி, அதன் பூட்டையும் அழுத்திவிட்டதோடு வேலை முடிந்தது. லைட் எப்போது வருகிறது என்று ஓட்டுபவர் சொல்வதைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை. திரும்பும்போதா, மழைக்குப் பிறகா, சீட்டை நகர்த்திய பிறகா, வண்டியைக் கழுவிய அடுத்த நாளா? ஸ்கேனரைச் செருகும் முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

மழை, கழுவல் என்றால் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலோ கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் புகுந்தாலோ அது நேராகச் சீட்டுக் கனெக்டர்களையும் நடுவில் உள்ள கன்ட்ரோல் யூனிட்டையும் நோக்கித்தான் போகும். விரிப்பு மேலே காய்ந்திருக்கும், அடியில் பஞ்சு ஊறிக் கிடக்கும்.

இன்னொன்று. ஏழெட்டுக் கோடுகள் ஒரே நாளில் வந்தால் ஏழெட்டு ஏர்பேக்குகளும் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று யாரும் நம்ப வேண்டாம். பேட்டரி இறங்கிய வண்டி, ஓடாமல் நெடுநாள் நின்ற வண்டி, ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்த வண்டி இவற்றிலெல்லாம் மின்னழுத்தம் விழுந்து கோடுகள் வரிசையாக உட்கார்ந்துவிடும். முதலில் பேட்டரி, அடுத்து எர்த் போல்ட், அதற்கடுத்து கன்ட்ரோல் யூனிட்டின் பெரிய கனெக்டர். இந்த மூன்றையும் பார்க்காமல் மேலே போவது வீண் வேலை.

மின்தடை குறைவு, ஷார்ட் என்று வரும் கோடு ஆட்களைக் குழப்பும். ஷார்ட் என்றவுடன் உரிந்த வயரைத் தேட ஆரம்பிப்பார்கள். மஞ்சள் கனெக்டருக்குள் ஷார்ட்டிங் பார் என்று ஒரு சிறு உலோகத் தகடு இருக்கிறது. கனெக்டரைக் கழற்றிய மறுகணம் அது இரண்டு பின்களையும் ஒன்றாக இணைத்துவிடும். கையில் உள்ள நிலைமின்சாரம் பட்டு ஏர்பேக் வெடித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கனெக்டரை முழுதாகச் செருகினால்தான் பிளாஸ்டிக் முனை அந்தத் தகட்டை விலக்கும். அரைகுறையாகச் செருகியிருந்தால் கரன்ட்டும் போகும், தகடும் விலகாமல் நிற்கும். யூனிட்டுக்கு அது ஷார்ட்டாகத் தெரியும். வயர் முழுக்க நல்ல வயராக இருக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். அந்தப் பதிலோடு ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஒருவர், மின்தடையும் கரன்ட்டும் அளக்கும் கருவியான மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஏர்பேக்கின் கனெக்டரில் வைத்து அளப்பது போன்ற படம். ஐயா, ஏர்பேக்கின் மேல் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. மின்தடை அளக்கும்போது மல்டிமீட்டர் தன் பேட்டரியிலிருந்து கரன்ட்டை அனுப்பித்தான் அளக்கிறது. இன்று பரவலாக உள்ள ஸ்குவிப் வகை 1.2 ஆம்பியர் கரன்ட் வெறும் 2 மில்லி செகண்ட் பாய்ந்தாலே வெடிக்கும்படி செய்யப்பட்டது. 0.4 ஆம்பியருக்குள் இருந்தால் 10 வினாடி பாய்ந்தாலும் வெடிக்கக் கூடாது என்பதும் அதன் கணக்கு. நல்ல டிஜிட்டல் மீட்டர் அனுப்பும் கரன்ட் இதற்கு வெகு கீழே என்று வாதிடுபவர்கள் உண்டு.  ஆனால் அதைவிட அதிகக் கரன்ட் அனுப்பும் பழைய முள் மீட்டரை எடுத்தால்? மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பை எடுத்தால்? பேட்டரி மின்சாரத்தை நேராக ஸ்குவிப்புக்குக் கொடுத்த கதைதான். அதனால்தான் கார் கம்பெனிகளின் சர்வீஸ் கையேடுகளில் ஏர்பேக்கை ஓம் மீட்டரால் அளக்காதே என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வெடித்தால் சுமார் 30 மில்லி செகண்டில் பை முழுதாக விரியும். கண் இமைக்கும் நேரம்கூட அதைவிட நீளம்.

அப்படியென்றால் ஏர்பேக்கில் பழுதா, வயரில் பழுதா என்று எப்படிப் பிரிப்பது? ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஏறத்தாழ 2 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை தரும் சிறு பாகம்) உள்ள சோதனைக் கருவியைச் செருக வேண்டும். ஏர்பேக் சிமுலேட்டர் என்று கேட்டால் கிடைக்கும். அதைச் செருகிச் சாவியைப் போட்டால் கோடு மறைந்துவிட்டதா? அப்படியானால் பழுது ஏர்பேக்கிலோ அதன் கனெக்டரிலோ. கோடு அப்படியே இருந்தால் பழுது கருவிக்கு முன்னால். அடுத்து கிளாக் ஸ்பிரிங்குக்கு முந்திய கனெக்டரில் அதே கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். இப்போது கோடு போய்விட்டால் கிளாக் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டது. இரண்டு கனெக்டர் கழற்றுவதற்குள் தெரு முழுவதும் அலசியாகிவிட்டது. வயர்க் கட்டை மட்டும், இரு முனையிலும் ஏர்பேக்கும் யூனிட்டும் கழற்றப்பட்ட பிறகு, ஷார்ட்டிங் பார் இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரால் அளக்கலாம். அதில் ஆபத்தில்லை.

கழற்றுவதற்கும் முறை உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு உடனே கையை வைத்துவிடக் கூடாது. விபத்தில் பேட்டரியே பிய்த்துக்கொண்டு போனாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காகக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் கெப்பாசிட்டரில் மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது வடியும் வரை காத்திருக்க வேண்டும். சில கார்களுக்கு 90 வினாடி, சிலவற்றுக்கு 3 நிமிடம், சிலவற்றுக்கு அதற்கும் மேல். அந்தந்த வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கழற்றிய ஏர்பேக்கை மேசைமேல் வைக்கும்போது மூடி மேலே பார்த்திருக்க வேண்டும். கவிழ்த்து வைத்து, அது வெடித்தால் ஏர்பேக்கே ஏவுகணையாகி மேலே பறக்கும். வேலை முடிந்து முதன்முறை சாவியைப் போடும்போது சீட்டில் உட்காராமல், ஜன்னல் வழியாகக் கையை விட்டு, முகத்தை ஏர்பேக்குக்கு நேரே கொண்டுபோகாமல் போடுவது என் வழக்கம். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கனெக்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று உப்புத்தாளை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல ஏர்பேக் கனெக்டர்களின் பின்களுக்குத் தங்க முலாம் பூசியிருக்கிறார்கள். தேய்த்தால் முலாம் போகும். இன்று லைட் அணையும், சில மாதத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவதும் இந்தச் சுற்றில் கூடாது. சில கம்பெனிகள் குறிப்பிட்ட வகை இணைப்பானால் அழுத்தி இணைக்க அனுமதிக்கின்றன. சில கம்பெனிகள் வயர்க் கட்டையே மாற்றச் சொல்கின்றன.

இனி, கோடை அழித்துப் பாருங்கள் என்ற ஆலோசனைக்கு வருகிறேன். பழுதை நீக்கிய பிறகு அழிப்பது சரி. தேடத் தொடங்கும் முன் அழிப்பது தடயத்தைத் துடைப்பதற்குச் சமம். யூனிட்டுக்குள் இரண்டு வகையாகக் கோடுகள் இருக்கும்: இந்த நொடியில் இருக்கும் பழுது ஒன்று, முன்பு வந்து போன பழுது மற்றொன்று. வந்து வந்து போகிற பழுதைப் பிடிக்க அந்த இரண்டாவது வகைதான் கைகொடுக்கும். அதை முதல் வேலையாக அழித்துவிட்டால், லைட் அணைந்த சந்தோஷத்தில் வண்டிக்காரர் போய்விடுவார். பழுது அடுத்த மேடுபள்ளத்திலோ அடுத்த மழையிலோ தலைகாட்டும். அதுவரை அவர் ஏர்பேக் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓட்டிக்கொண்டிருப்பார். கோடுகளை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான சின்ன ஸ்கேனர்கள் பலவும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். அதில் பழுது இல்லை என்று வந்ததை வைத்து ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

லைட் எரிந்துகொண்டிருக்கும்போது ஏர்பேக் வேலை செய்யுமா என்று பலர் கேட்கிறார்கள். சில கார்களில் பழுதான சுற்று மட்டும் முடக்கப்படும், சிலவற்றில் எல்லாமே முடங்கும். மீட்டர் போர்டைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. பிரிடென்ஷனரும் அதே யூனிட்டின் கீழ்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். வேலை செய்யாது என்று எடுத்துக்கொண்டு சீக்கிரம் காட்டிவிடுவதே உசிதம். பக்கத்து சீட் ஏர்பேக் ஆஃப் என்று தனியாக ஒரு லைட் சில கார்களில் உண்டு. சீட் காலியாக இருந்தாலோ குழந்தை உட்கார்ந்திருந்தாலோ அது எரிவது பழுதல்ல. இதைப் பழுது என்று நினைத்துப் பதறி வருபவர்களும் இருக்கிறார்கள்.

சோதனைக்கு வைக்கும் ரெசிஸ்டரைப் பற்றி மேலே எழுதினேன். அதே ரெசிஸ்டரை ஏர்பேக்குக்குப் பதிலாக நிரந்தரமாக வைத்துவிட்டு, லைட்டை அணைத்துக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். விபத்தில் வெடித்துப்போன ஏர்பேக்கை மாற்றாமல், மூடியை மட்டும் ஒட்டி, உள்ளே காலியாக விட்டு விற்பார்கள். யூனிட் 2 ஓம் பார்க்கும், எல்லாம் சரி என்று லைட்டை அணைத்துவிடும். இதைவிட மட்டமான வேலை இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து இல்லை. இன்னும் சிலர் மீட்டர் போர்டில் ஏர்பேக் லைட்டையே பிடுங்கிவிடுவார்கள், அல்லது ஆயில் லைட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

பழைய கார் வாங்குபவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் காத்திருங்கள். ஏர்பேக் லைட் எரிய வேண்டும். சில வினாடியில் அது மட்டும் தானாக அணைய வேண்டும், ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எரியவே இல்லை என்றால் லைட் பிடுங்கப்பட்டிருக்கலாம். அணையாமல் இருந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட்டோடு சேர்ந்து அணைந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ரெசிஸ்டர் வைத்த வண்டி மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடும். ஸ்கேனரில் எல்லாச் சுற்றுகளின் மின்தடையும் அச்சில் வார்த்தது போல ஒரே எண்ணாக வந்தால் நான் சந்தேகப்படுவேன். ஆனாலும் ஸ்டியரிங் மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் உறுதியாகும், அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

லைட் ஒழுங்காக அணைகிறது என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. யூனிட் அளப்பது மின்சுற்றை மட்டுமே. பையை ஊதும் இன்ஃபிளேட்டருக்குள் இருக்கும் வேதிப்பொருளின் நிலைமை அதற்குத் தெரியாது. ஏர்பேக் தயாரித்த ஜப்பானிய டக்காட்டா நிறுவனத்தின் இன்ஃபிளேட்டர்களில், பையை ஊதும் வாயுவைத் தரும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறி உயிர்கள் போயின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃபிளேட்டர்கள் திரும்பப் பெறும் பட்டியலில் சேர்ந்தன. 2017இல் அந்த நிறுவனமே திவாலானது. அந்தக் கார்களில் எதிலும் அந்தக் கோளாறுக்காக லைட் எரியவில்லை. சேஸிஸ் எண்ணைக் கார் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்கேனர் சொல்லாத செய்தி இது.

அந்த வாசகருக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இனி இப்படிக் கேள்வி வந்தால் கோடின் முழு விவரம், அது இப்போது இருக்கும் பழுதா முன்பு வந்து போனதா, ஹாரன் அடிக்கிறதா, ஸ்டியரிங்கோ சீட்டோ சமீபத்தில் கழற்றப்பட்டதா என்பதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பதில் எழுதச் சொல்லுங்கள். ஏர்பேக் வாங்கச் சொல்வதற்கு முன் கிளாக் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொன்னால் அவருக்குப் பணமும் மிச்சம், பழுதும் தீரும்.

கடிதம் நீண்டுவிட்டது என்று எனக்கே தெரிகிறது. இடம் போதவில்லை என்றால் தங்க முலாம், டக்காட்டா எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் பற்றி எழுதியதை மட்டும் வெட்ட வேண்டாம். படத்தைப் பார்த்து யாராவது அப்படியே செய்து வைத்துவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
கார் எலெக்ட்ரீஷியன் ஒருவர்